தேய்ந்த பேரிங் சொல்லும் சாட்சி

பாய்மரப் படகைப் பற்றிப் பேச நாலு பேர் கூடினால் பாயின் வெட்டு, பாய்மரத்தின் வளைவு, காற்றின் கோணம் என்று பேச்சு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நான் எடுத்துக்கொண்ட பொருள் நீர்மட்டத்துக்குக் கீழே கிடப்பது. பத்து மீட்டர் நீளமுள்ள படகொன்றை எடுத்துக்கொள்வோம். என்ஜினிலிருந்து கிளம்பும் ஓர் அங்குலத் தடிமனுள்ள ஷாஃப்ட், படகின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் சரிந்து இறங்கி, கடைசி முனையில் புரொப்பெல்லரைச் சுமக்கிறது. அந்த முனையை ஏந்திப் பிடித்திருப்பது நான்கு அங்குல நீளமுள்ள ஒரு பித்தளைக் குழாய். அதன் உட்புறம் முழுக்க ரப்பர் ஒட்டியிருக்கும்; அந்த ரப்பரில் நீளவாக்கில் சிறு வாய்க்கால்கள் ஓடும். அவ்வளவுதான் ஷாஃப்ட் பேரிங். எண்ணெய் இல்லை, கிரீஸ் இல்லை, உருளும் குண்டுகள் இல்லை. கடல்நீர்தான் அதற்கு மசகு.

இந்தப் பேரிங் தேய்ந்துபோனால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை அடித்து இறக்குவதற்குத்தான் பராமரிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் இதை மறுக்க வந்திருக்கிறேன். நன்றாக அமைந்த ஒரு ஷாஃப்டில் இந்தப் பேரிங் மிக மெதுவாகத்தான் தேயும். அது சீக்கிரம் தேய்ந்தால் வேறெங்கோ உள்ள குறை அதைத் தேய்க்கிறது என்று பொருள். என்ஜின் தன் இருக்கையில் இறங்கியிருக்கலாம், ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், நீர் உள்ளே போகாமல் இருக்கலாம், படகு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்திருக்கலாம். இவை ஒவ்வொன்றும் அந்த ரப்பரில் தனித்தனி அடையாளத்தை விட்டுச்செல்கின்றன. அந்த அடையாளத்தைப் படிக்காமல் பேரிங்கைத் தூக்கி எறிகிறவர், வழக்கின் ஒரே சாட்சியைத் துரத்திவிடுகிறார். வண்டியின் டயர் ஒரு பக்கம் மட்டும் வழுக்கையானால் டயர் கம்பெனியைத் திட்டும் மெக்கானிக் கிடையாது, சக்கரத்தின் அலைன்மென்ட்டைத்தான் பார்ப்பார். தரையில் ஓடும் வண்டிக்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் இந்த நியாயத்தைத் தண்ணீரில் ஓடும் படகுக்கும் கேட்கிறேன்.

நீரே மசகாக முடியும் என்பதைக் கண்டுகொள்ளக் கப்பல்காரர்களுக்குக் காலம் பிடித்தது. பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் தம் திருகு புரொப்பெல்லருக்குக் காப்புரிமை வாங்கியது 1836இல். புரூனல் கட்டிய கிரேட் பிரிட்டன் என்ற இரும்புக் கப்பல் புரொப்பெல்லரின் பலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தது 1845இல். உந்தும் கலை இப்படி ஓடி வளர்ந்துகொண்டிருந்தபோது, ஷாஃப்ட் கடலுக்குள் நுழையும் இடம் பெரும் தலைவலியாக இருந்தது. உலோகத்தின் மீது உலோகம் உராய்ந்து, பேரிங்குகள் பொறுக்க முடியாத வேகத்தில் தேய்ந்தன. கிரீனிச்சில் என்ஜின் கட்டும் தொழில் நடத்திவந்த ஜான் பென், 1854இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். கரீபியன் பக்கம் வளரும் லிக்னம் வைட்டே என்ற மரத்தின் பட்டைகளைப் பித்தளைக் குழாயின் உள்ளே பதித்து, பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி விட்டு, அதன் வழியே கடல்நீரை ஓடவிட்டார். தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியான மரம் அது. தன் உடம்பிலேயே பிசின் கொண்டது. பிறகு நூறாண்டுக்கும் மேலாகப் பெருங்கப்பல்களின் பாரத்தை அந்த மரம் தாங்கியது. 1920களில் கலிஃபோர்னியாவின் ஒரு தங்கச் சுரங்கத்தில், நீர் இறைக்கும் பம்பின் பேரிங் மணலில் அரைபட்டுக்கொண்டே இருப்பதைக் கண்ட சார்லஸ் ஷெர்வுட் என்ற பொறியாளர், மாற்றுப் பொருள் கைவசம் இல்லாமல் ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டை உள்ளே வைத்துப் பார்த்தார். உலோகத்தைவிட ரப்பர் அதிக நாள் உழைத்தது. இன்று நம் படகுகளில் இருப்பது அந்த வழியில் வந்த பேரிங்தான்.

இந்த வரலாற்றைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பென், ஷெர்வுட் இருவருமே தேயாத ஒரு பொருளைத் தேடி வெற்றி பெற்றவர்கள் அல்லர். இரும்பைவிட மென்மையான பொருளை வைத்துத்தான் வென்றார்கள். ஷாஃப்ட் போதிய வேகத்தில் சுழலும்போது நீரைத் தன்னோடு இழுத்துச் சென்று தனக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு மெல்லிய படலமாக விரிக்கிறது. ஷாஃப்ட் அந்தப் படலத்தின் மீது மிதக்கிறது. ரப்பர் சற்றே அமுங்கிக் கொடுப்பதால் பாரம் பரவலாகத் தங்குகிறது. மணல் துகள் ஒன்று உள்ளே நுழைந்தால், ரப்பர் அமுங்கி இடம் கொடுக்க, துகள் உருண்டு பக்கத்து வாய்க்காலில் விழுந்து நீரோடு வெளியேறுகிறது. உலோகமாக இருந்தால் அதே துகள் இரண்டு பக்கமும் கீறிக்கொண்டே கிடக்கும். ஆக, தேயாமல் காப்பது நீரும், நேர்கோடும், சுழற்சியும் சேர்ந்த ஏற்பாடு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ரப்பர் வெறும் ரப்பர்தான். உலர்ந்த ரப்பரில் உலோகம் சுழன்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படகைக் கரையேற்றி வைத்துவிட்டு, கியர் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஷாஃப்டை என்ஜின் கொண்டு கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் கொஞ்ச நேரமே புதுப் பேரிங்கைக் கருக்கிவிடப் போதும். கரையில் ஷாஃப்டைச் சுழற்றியே ஆக வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் விட்டுக் கையால் சுழற்றலாம். கிரீஸைத் திணிக்கக் கூடாது. அது வாய்க்காலை அடைத்து, மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில பழைய படகுகளில் ரப்பரே இல்லாமல் வெண்ணுலோகப் பேரிங்கும், அதற்கென்று ஒரு கிரீஸ் கிண்ணமும் இருக்கும். அதற்குக் கிரீஸ்தான் உயிர். தம் படகில் இருப்பது எது என்றே தெரியாமல் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு மெய்யாகவே வருத்தம் உண்டாகிறது.

இப்போது சாட்சியத்துக்கு வருகிறேன். தேய்ந்த பேரிங்கை வெளியே எடுத்து, நீளவாக்கில் பிளந்து, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கூடவே பேரிங்குக்குள் சுழன்ற அந்த நான்கு அங்குல ஷாஃப்டையும் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, ஷாஃப்ட் சுற்றிலும் ஒரே சீராகப் பளபளத்தால், ஷாஃப்ட் நேராகத்தான் இருக்கிறது, அது படுத்திருக்கும் கோடுதான் கோணல். காரணம் எளிது. பேரிங் படகோடு நிலையாக நிற்பது. கோணலான ஷாஃப்ட் எப்போதும் அதே பக்கத்தை அழுத்துகிறது. ஆனால் ஷாஃப்ட் சுழல்வதால் அதன் எல்லாப் பக்கமும் மாறி மாறி அந்த இடத்தில் உரசுகின்றன. இதற்கு நேர்மாறாக, ரப்பர் சுற்றிலும் சமமாக அகன்று, ஷாஃப்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு ஏறியிருந்தால், வளைந்திருப்பது ஷாஃப்ட். அல்லது புரொப்பெல்லர் எடை ஒருபுறம் கூடிச் சமநிலை கெட்டிருக்கிறது. வளைந்த ஷாஃப்டின் முதுகு சுழலும் இடமெல்லாம் தன்னோடு அழுத்தத்தைச் சுமந்து செல்கிறது. நிலையாக நிற்கும் பொருளில் ஒரே இடத்தில் தடம் விழுந்தால் குற்றம் படகின் அமைப்பில்; சுழலும் பொருளில் ஒரே இடத்தில் தடம் விழுந்தால் குற்றம் ஷாஃப்டில், அல்லது புரொப்பெல்லரில். இந்த ஒரு விதியைக் கைக்கொண்டால் பாதி மர்மம் விலகிவிடும்.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு பக்கத் தேய்மானம் பேரிங்கின் முழு நீளத்துக்கும் ஒன்றுபோல இருப்பது அபூர்வம். முன்முனையில் அடிப்பக்கமும் பின்முனையில் மேல்பக்கமும் தேய்ந்திருந்தால், ஷாஃப்டின் என்ஜின் பக்க முனை தாழ்ந்திருக்கிறது. என்ஜின் மவுண்டுகளில் உள்ள ரப்பர் வயதானாலும், அதில் டீசல் சொட்டினாலும், மெல்ல அமுங்கிவிடும். என்ஜின் சில மில்லிமீட்டர் இறங்கும். அந்த இறக்கம் இரண்டு மீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கும் பேரிங்கில் இப்படி எதிரெதிர் மூலைகளில் எழுதப்படும். முன்முனையில் மேலும் பின்முனையில் கீழும் தேய்ந்திருந்தால் என்ஜின் உயர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. பின்முனையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் தேய்மானம் இயல்பானது. புரொப்பெல்லர் அந்தப் பக்கம்தானே தொங்குகிறது? அது மிகையாக இருந்தால், பேரிங்குக்கும் புரொப்பெல்லருக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். அந்த இடைவெளி ஷாஃப்டின் விட்டத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. சுற்றிலும் ஆழமான கீறல் வரிகள், ஷாஃப்டிலும் அதே வரிகள் என்றால் மணலும் சேறும் கலந்த முகத்துவாரங்களில் படகு அடிக்கடி ஓடியிருக்கிறது. ரப்பர் கண்ணாடிபோல் இறுகி வெடித்திருந்தால் தண்ணீரில்லாமல் ஓடியிருக்கிறது. ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்து உப்பியிருந்தால் சூடோ எண்ணெயோ காரணம். இவ்வளவையும் ஒரு கையகலத் துண்டு சொல்கிறது. இதைக் குப்பைக்கூடையில் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

கடலிலிருந்து எடுக்காமலே தேய்மானத்தை ஓரளவு அறியலாம். கியர் போட்டவுடன் ஒரு கிரீச்சொலி, குறிப்பிட்ட வேகத்தில் தரைப்பலகை நடுங்குதல், பாயில் போகும்போது பின்புறம் ‘டொக் டொக்’ என்று ஷாஃப்ட் தட்டுதல் ஆகியவை தெரிந்த அறிகுறிகள். கரையேற்றியதும் புரொப்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஓர் அங்குல விட்டத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டம் வந்தால் மாற்றிவிடலாம் என்பது சர்வேயர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி. இந்த அளவை எட்டும்வரை காத்திருப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆட்டம் எந்தத் திசையில் கூடுதல் என்பதைக் குறித்துக்கொள்வதுதான் அளவைவிட முக்கியம்.

பேரிங் சொன்ன சாட்சியத்தைச் சரிபார்க்கும் இடம் என்ஜின் அறையில் இருக்கிறது. ஷாஃப்டும் கியர்பாக்ஸும் சேரும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு வட்ட முகங்களையும் கையால் நெருக்கி வைத்து, நடுவே ஃபீலர் கேஜைச் செருகி மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில் அளக்க வேண்டும். கப்ளிங்கின் ஓர் அங்குல விட்டத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது வழக்கமான அளவு. நான்கு அங்குலக் கப்ளிங்குக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பெரும்பாலோர் இந்த நான்கு அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. ஷாஃப்டைக் கையால் அரைச் சுற்று சுழற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அகன்ற இடைவெளி முன்பு இருந்த அதே இடத்தில், உதாரணமாகக் கீழேயே நின்றால், என்ஜின் இருக்கும் நிலை தவறு. ஷாஃப்டோடு சேர்ந்து அதுவும் மேலே சுற்றி வந்துவிட்டால், ஷாஃப்டோ கப்ளிங்கின் முகமோ கோணல். பேரிங்கில் பார்த்த அதே விதி இங்கே இரும்பில் உறுதிப்படுகிறது. ரப்பர் ஒன்று சொல்லி கப்ளிங் வேறு சொன்னால், பேரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டையே சந்தேகிக்க வேண்டும். தரைதட்டியபோதோ புரொப்பெல்லரில் கயிறு சுற்றியபோதோ அது நகர்ந்திருக்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது. கழற்றிய கப்ளிங்கின் எடையால் ஷாஃப்டின் முனை தானே தொங்கும். அந்தத் தொய்வைத் தாங்கிப் பிடித்து ஈடுசெய்யாமல் அளந்தால், இல்லாத கோணலைத் திருத்தப்போய் உள்ள நேர்மையைக் கெடுத்துவிடுவோம்.

இந்த அளவையும் படகு தண்ணீரில் இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். கரையில் படகின் எடை முழுவதும் அடிக்கட்டையிலும் சில முட்டுக்கட்டைகளிலும் குவிந்திருக்கிறது. தண்ணீரில் அதே எடை படகின் வயிறு முழுக்கப் பரவுகிறது. இரண்டு நிலையிலும் உடலின் வடிவம் ஒன்றல்ல. பாய்மரப் படகில் இன்னொரு விசையும் உண்டு. பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துக் கட்டும் கம்பி, பின்முனையை மேல்நோக்கி இழுக்கிறது; பாய்மரம் நடுவில் கீழ்நோக்கி அழுத்துகிறது. படகே ஒரு வில்போல் சற்று வளைகிறது. ஷாஃப்ட் அந்த வளைவின் குறுக்கே கிடக்கிறது. ஆகவே படகை இறக்கி, ஓரிரு நாள் மிதக்கவிட்டு, கம்பிகளை வழக்கமான இறுக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகே அலைன்மென்ட் பார்க்க வேண்டும். கரையில் நின்றபடி செய்து கொடுக்கும் அலைன்மென்ட்டை முதல் கட்ட வேலையாக வைத்துக்கொள்ளலாம். முடிந்த வேலையாக ஏற்கக் கூடாது.

இனி மறுப்புகளைக் கவனிப்போம். முதலாவது, “பாய்மரப் படகில் என்ஜின் எத்தனை நேரம் ஓடப்போகிறது? துறைமுகத்துக்குள் வரவும் போகவும்தானே?” என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடாமல் கிடப்பதுதான் இந்தப் பேரிங்குக்கு வரும் பெரிய நோய். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் இதே அமைப்புள்ள ஷாஃப்டுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. விசைப்படகுகள் சீசனில் ஓய்வில்லாமல் ஓடி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் கரையேறிப் பழுதுபார்க்கப்படுகின்றன. அவற்றின் பேரிங் உழைத்துத் தேய்கிறது. பாய்மரப் படகின் பேரிங்கோ வெதுவெதுப்பான கடலில் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. கொட்டலசு அந்த வாய்க்கால்களில் குடியேறுகிறது. அடுத்த முறை என்ஜினைப் போட்டதும் அதன் ஓடு நொறுங்கி, கூர்மையான சுண்ணாம்புத் தூளாக ரப்பரை அறுக்கிறது. அடைபட்ட வாய்க்காலில் நீர் ஓடாது. இன்னொன்று கண்ணுக்கே தெரியாமல் நடக்கிறது. துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் படியும் ஒரு மெல்லிய ஆக்சைடு தோலால்தான். அந்தத் தோல் உயிரோடு இருக்க நீரில் ஆக்சிஜன் வேண்டும். பேரிங்குக்குள் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. ரப்பர் அணைத்திருக்கும் அந்த இடத்திலேயே ஷாஃப்டில் குழிகள் விழுகின்றன. பிறகு அந்தக் குழிவிழுந்த ஷாஃப்ட், புதுப் பேரிங்கையும் அரம்போல் ராவிவிடும். எனவே படகு கட்டிக்கிடக்கும்போதும் வாரம் ஒருமுறை கியர் போட்டுச் சில நிமிடம் ஷாஃப்டைச் சுழலவிடுவது, எண்ணெய் மாற்றுவதற்குச் சமமான பராமரிப்பு.

இதோடு ஒட்டிய ஒரு பழைய தகராறு உண்டு. பாயில் போகும்போது நீரோட்டம் புரொப்பெல்லரைச் சுழற்றும். அதைச் சுழலவிடுவதா, பூட்டி வைப்பதா? ஸ்ட்ராத்க்ளைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்கன்சியும் ஃபாரஸ்டரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, நிலையான அலகுகளைக் கொண்ட புரொப்பெல்லரைப் பூட்டினால்தான் நீரின் இழுவை அதிகம் என்று காட்டியது. வேகம் விரும்புகிறவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு, சுழலவிடுவதே சரி என்கிறார்கள். இழுவையைப் பற்றிய மட்டில் அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். பேரிங்கைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். ஓர் அங்குல ஷாஃப்ட் என்ஜினில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுழன்றால் அதன் மேற்பரப்பு விநாடிக்கு ஒரு மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. நீர்ப்படலம் விரிய அது போதும். பாயில் மெதுவாக நூற்றைம்பது சுற்று சுழன்றால் அந்த வேகம் கால் மீட்டரைக்கூடத் தொடாது. படலம் முழுதாக விரியாமல் ரப்பரும் ஷாஃப்டும் தொட்டுத் தொட்டு உரசும். நெடும்பயணத்தில் இது இரவு பகலாக நாள்கணக்கில் நடக்கும், அதுவும் என்ஜின் நேரக் கணக்கில் ஏறாமல். “என்ஜின் நூறு மணி நேரம்கூட ஓடவில்லை, பேரிங் எப்படிப் போனது?” என்று கேட்பவர்களுக்கு இதில் விடை இருக்கலாம். என் தீர்ப்பு இது: கியர்பாக்ஸ் செய்தவர் பூட்ட அனுமதித்திருந்தால் நெடும்பயணத்தில் பூட்டுங்கள், அனுமதிக்கவில்லை என்றால் சுழலவிடுங்கள், ஆனால் அந்த மணிகளையும் பேரிங்கின் கணக்கில் எழுதுங்கள். கியர்பாக்ஸைக் காவுகொடுத்து ரப்பரைக் காப்பாற்றச் சொல்லமாட்டேன்.

இரண்டாவது மறுப்பு, “கப்ளிங்கில் நெகிழ்வான ரப்பர்த் தட்டு போட்டிருக்கிறோம், அது கோணலை விழுங்கிவிடும்” என்பது. அந்தத் தட்டு அதிர்வை மட்டுப்படுத்தவும், கயிறு சிக்கும் அதிர்ச்சியைத் தாங்கவும் பயன்படுவது. கோணலை அது விழுங்குவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, கோணலை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. ஷாஃப்ட் அப்போதும் பேரிங்கின் அதே மூலையைத்தான் அழுத்துகிறது. இதோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு யோசனை, ஷாஃப்டே இல்லாத செயில்டிரைவ் படகு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பது. உண்மைதான், அங்கே கடலுக்குள் ரப்பர் பேரிங் கிடையாது. பதிலுக்குப் படகின் அடியில் ஒரு பெரிய துளையும், அதை மூடிய ஒரு ரப்பர் உதரவிதானமும் உண்டு. அதை ஏழாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி வோல்வோ பென்டா நிறுவனம் நீண்ட காலமாக அறிவுறுத்தி வந்திருக்கிறது. ஷாஃப்ட் உள்ள படகை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு அந்த யோசனையால் ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். “பேரிங்கின் விலை அற்பம். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட்டால் போகிறது. இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?” விலை அற்பம்தான், உண்மை. ஆனால் அந்த அற்பப் பொருளை மாற்றப் படகைக் கரையேற்ற வேண்டும், புரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும், பல படகுகளில் ஷாஃப்டை உருவ வழியில்லாமல் சுக்கானையே இறக்க வேண்டும். செலவு பேரிங்கில் இல்லை, அதை எட்டுவதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. கோணலைத் திருத்தாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால், புதுப் பேரிங் இறுக்கமாக இருப்பதால் ஷாஃப்ட் முன்பு ஆடிய ஆட்டத்தை இப்போது ஆட முடியாது. அந்த விசை வேறு இடம் தேடும். கியர்பாக்ஸின் பின்பேரிங்குக்குப் போகும், கப்ளிங்குக்குப் போகும், கிளாண்டுக்குப் போகும்.

கிளாண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஷாஃப்ட் படகுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீரைத் தடுப்பது அது. பழைய வகையில் மெழுகூட்டிய சணல் பேக்கிங் வளையங்களை அடுக்கி நட்டால் இறுக்கியிருப்பார்கள். ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழுவதுதான் அதன் ஆரோக்கியம். அந்தச் சொட்டு ஷாஃப்டைக் குளிர்விக்கிறது. பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் துள்ளத் தொடங்கியதும் பேக்கிங் நசுங்கி இடைவெளி விடுகிறது, சொட்டு ஒழுக்காகிறது. உடனே ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்குகிறார்கள். ஒழுக்கு நிற்கிறது, கூடவே குளிர்ச்சியும் நிற்கிறது. சூடேறிய பேக்கிங் இறுகி, ஷாஃப்டில் பள்ளம் வெட்டுகிறது. மறுபடி ஒழுகுகிறது, மறுபடி இறுக்குகிறார்கள். குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம். புதிய வகை ரப்பர் சீல்களில் சொட்டே விழாது என்பதால் இந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. அவற்றில் சிலவற்றைப் படகு இறங்கியவுடன் விரலால் அழுத்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். மறந்தால் சீல் உலர்ந்து ஓடும், அதே குழாயில் பேரிங்கும் இருந்தால் அதுவும் காய்ந்து ஓடும்.

நேர்கோடு போன ஷாஃப்ட் எவ்வளவு சேதம் செய்ய வல்லது என்பதற்குக் கடல் வரலாற்றில் கொடூரமான சான்று ஒன்று இருக்கிறது. 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தான் கடற்பகுதியில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் இடது வெளிப்புற ஷாஃப்டுக்கருகே விமானத் தாக்குதலில் டார்பிடோ வெடித்தது. ஷாஃப்டைத் தாங்கிய பிராக்கெட் உடைந்தது. தாங்கலை இழந்த ஷாஃப்ட் சுழன்று அலைந்து, அது ஊடுருவிச் சென்ற தடுப்புச் சுவர்களின் கிளாண்டுகளைக் கிழித்தது. ஷாஃப்ட் போகும் பாதையெங்கும் கடல் உள்ளே புகுந்தது. 2007இல் மூழ்கி ஆராய்ந்தவர்கள் அந்தப் பகுதியின் சேதத்தைப் பதிவு செய்தார்கள். நம் படகில் டார்பிடோ வராது; மிதக்கும் வலைக்கயிறு வரும். புரொப்பெல்லரில் கயிறு சுற்றி என்ஜின் திடீரென்று நின்றால், கயிற்றை வெட்டி எறிந்ததும் மறுபடி ஸ்டார்ட் செய்யத் துடிக்கிறோம். காற்றும் இடமும் அனுமதித்தால் பாயில் போய்க்கொண்டே முதலில் கிளாண்டையும் கப்ளிங்கையும் மவுண்டுகளையும் விளக்கடித்துப் பாருங்கள். பிறகு ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுழற்றிப் பாருங்கள். எங்காவது இறுகி எங்காவது தளர்ந்தால் என்ஜினைத் தொடாதீர்கள். பாய்மரப் படகுக்கு மற்றப் படகுக்கு இல்லாத இந்த வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவதில் அர்த்தமே இல்லை.

“இவையெல்லாம் பட்டறைக்காரர் பார்க்க வேண்டியவை, படகுக்காரருக்கு என்ன?” என்று இன்னும் ஒரு கேள்வி வரலாம். பட்டறைக்காரர் வருகிற படகை அன்றைக்குத்தான் பார்க்கிறார். போன பருவத்தில் கயிறு சிக்கியதும், மவுண்டில் டீசல் ஒழுகியதும், படகு நான்கு மாதம் கட்டிக்கிடந்ததும் அவருக்குத் தெரியாது. படகுக்காரர் அந்தத் தகவலைக் கொடுக்காவிட்டால் அவர் செய்யக்கூடியது பேரிங்கை மாற்றுவது ஒன்றுதான். ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வேலையைச் சொல்கிறேன். பழைய பேரிங்கை உருவுவதற்கு முன்பே, அதன் பின்விளிம்பில் உச்சிப் பக்கத்தை ஓர் அரத்தால் கீறி அடையாளம் வையுங்கள். அந்தக் கீறல் இல்லாவிட்டால் வெளியே வந்த பிறகு எது மேல், எது கீழ் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. தேய்மானம் இருக்கும், திசை இருக்காது. அதைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றாதீர்கள், பிராக்கெட் நகரும். இழுப்பானை வைத்து இழுங்கள், அல்லது குழாயை உள்ளிருந்து நீளவாக்கில் அறுத்துச் சுருக்கி எடுங்கள், ரம்பம் பிராக்கெட்டில் படாமல். புதியதைக் குளிர்பெட்டியில் வைத்துச் சுருங்கவிட்டு நிதானமாக நுழையுங்கள். அதைப் பிடிக்கும் சிறு திருகுகளைக் குழாய் நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். நசுங்கிய இடத்தில் ரப்பர் ஷாஃப்டைக் கவ்வும். வேலை முடிந்ததும் பட்டறைக்காரர் பழைய பேரிங்கைத் துடைத்து, கீறல் மேலே இருக்கும்படி படகுக்காரர் கையில் கொடுக்கட்டும். படகுக்காரர் தேதியையும், என்ஜின் ஓடிய மணிகளையும், பாயில் ஷாஃப்ட் சுழன்ற நாட்களையும் அதில் எழுதிக் கட்டி, படகின் பதிவேட்டோடு வைக்கட்டும். அடுத்த பேரிங் வெளியே வரும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதே மூலை மறுபடி தேய்ந்திருந்தால், இரண்டாவது பேரிங்குக்குச் செலவழித்த பணத்தை என்ஜின் மவுண்டுக்குச் செலவழித்திருக்க வேண்டும்.